வெயிலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? டர்பன் வரும் தமிழர்களுக்குப் பருவகால, வானிலைச் சொற்கள்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சமையல் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்த தம்பி ஒருவர், 2022 ஏப்ரல் 11ஆம் தேதி இரவு தன் கைபேசிக்கு வந்த செய்தி ஒன்றை எனக்கு அனுப்பி, கூடவே குரல்பதிவும் போட்டிருந்தார். "அக்கா, ரெய்ன்னு இருக்கு, அது புரியுது. அதுக்கு முன்னாடி டிஸ்ரப்டிவ்னு போட்டிருக்கு, அப்படின்னா என்ன? பெரிய மழையா, சும்மா மழையா?" நான் தூங்கிப்போயிருந்தேன். விடியற்காலையில் அதைக் கேட்டபோது வெளியே எங்கள் தெருவே ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாடகைக்கு இருந்த அறை ஒரு சரிவின் அடியில், ஓடைக்கரையில். முழங்கால் அளவுத் தண்ணீரில் கட்டில்மேல் நின்றபடி ராத்திரியைக் கழித்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். அந்த வெள்ளத்தில் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியிருந்தது.

அதற்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் புதியவர்களுக்கு நான் நடத்தும் ஆங்கில வகுப்பில் முதல் பாடம் வானிலைதான். "மை நேம் இஸ்" எல்லாம் அடுத்த வாரம். அந்தப் பாடத்தை இங்கே முழுசாக எழுதிவைக்கிறேன்.

இங்கே எல்லாரும் கவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயக்கர் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, தமிழிலேயே சமாளித்துவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. கவுண்டர் கவெண்டராகி, முதலி மூட்லியாகித் தலைமுறைகள் ஆகிவிட்டன. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலிலும், அதற்குப் பின்னால் வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரன்மார்களுக்குப் பேரன்மார்கள் இவர்கள். தேவாரம் பாடுவார்கள், காவடி எடுப்பார்கள், வீட்டுப் பேச்சு ஆங்கிலம்தான். பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் உங்களிடம் பேசும் முதல் வாக்கியமும் வானிலையாகத்தான் இருக்கும்: "ஹாட் டுடே, நே?" அந்த "நே" நம்ம "இல்ல?" மாதிரி. ஆஃப்ரிகான்ஸ் மொழியிலிருந்து இங்குள்ள ஆங்கிலத்துக்கு வந்தது. "யெஸ், வெரி ஹாட்" என்றால் போதும், பேச்சு தொடங்கிவிடும்.

முதல் படி: மனசுக்குள் இருக்கும் நாட்காட்டியைத் திருப்பிப் போடுங்கள்

சொல்லைப் பிடிப்பதற்கு முன் வானத்தைப் பிடிக்க வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்டோம். பூமி 23.5 டிகிரி சாய்ந்து சுற்றுவதால், வடபாதி சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும் மாதங்களில் தென்பாதி விலகி இருக்கும். ஆகவே சென்னையில் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் இங்கே குளிர் தொடங்கும். இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஜூன் 21 வாக்கில், மிக நீண்ட பகல் டிசம்பர் 21, 22 வாக்கில்.

நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பகுத்தார்கள். சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. ஆங்கிலத்தில் நான்குதான். ஆறை நான்கில் அடைக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். பண்டிகைகளை வைத்து நினைவில் கொள்வது எளிது. தைப்பொங்கல் இங்கே நடு சம்மரில், அதாவது கோடையில் வரும். பானை பொங்கும் முன்பே நமக்கு வியர்த்துக் கொட்டும். சித்திரை வருடப்பிறப்பு ஆட்டமில், அதாவது இலையுதிர் காலத்தில். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது விண்டரில், அதாவது குளிர்காலத்தில். தீபாவளி ஸ்பிரிங்கில், அதாவது வசந்தத்தில்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் திரும்பாமல் அப்படியே இருக்கிறது, அது எனக்கு வந்த வருடமே பெரிய ஆறுதல். ஆகஸ்ட் என்றாலே இந்த நாட்டில் காற்று மாதம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று இங்கேயும் தாராளமாகச் சொல்லலாம்.

இரண்டாம் படி: நான்கு பெயர்கள்

சம்மர்: டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஆட்டம்: மார்ச், ஏப்ரல், மே. விண்டர்: ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஸ்பிரிங்: செப்டம்பர், அக்டோபர், நவம்பர். செப்டம்பர் 1 அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "ஸ்பிரிங் டே" என்று பூப்போட்ட உடுப்பில் கிளம்புவார்கள். வானம் அதற்கு ஒத்துழைக்கும் என்று சொல்ல முடியாது. 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில், ஸ்பிரிங் பிறந்து மூன்று வாரம் கழித்து, வான் ரீனன்ஸ் கணவாயில் பனி கொட்டி, டர்பனையும் ஜோஹன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்-3 நெடுஞ்சாலையே மூடப்பட்டது.

ஆட்டம் என்பதை நாம் ஆடுகிற ஆட்டம் மாதிரியே சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். எழுதும்போதுதான் கவனம்: ஏ, யூ, டி, யூ, எம் எழுதி, கடைசியில் வாய்திறக்காத ஒரு என். அமெரிக்கப் படங்களில் இதையே ஃபால் என்பார்கள். இங்கே அப்படிச் சொல்வதில்லை.

பெயருக்கு முன்னால் "இன்" போடுங்கள்: இன் சம்மர், இன் விண்டர். சீசன் என்ற சொல் தமிழில் நமக்குப் பழக்கம்தான், குற்றால சீசன், மாம்பழ சீசன் என்கிறோம். அதே பொருளில் சந்தையில் "லிச்சீஸ் ஆர் இன் சீசன்" என்பார்கள். டிசம்பரில் லிச்சி வந்தால் சம்மர், நார்ச்சி வந்தால் விண்டர். நார்ச்சி என்பது தோல் தளர்ந்த சிறிய ஆரஞ்சு. ஆஃப்ரிகான்ஸ் மூலமாகத் தென்னாப்பிரிக்க ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல்லுக்கு வேர் நம்ம நாரத்தை. இந்த ஊரில் உங்கள் மொழி ஏற்கெனவே கடைத்தட்டில் உட்கார்ந்திருக்கிறது.

துணிக்கும் ஒரு வார்த்தை. ஸ்வெட்டர் என்று கேட்டால் கடைக்காரர் ஒரு நொடி யோசிப்பார். இங்கே அது ஜெர்சி. பிள்ளையின் பள்ளியிலிருந்து "விண்டர் யூனிஃபார்ம்" என்று சீட்டு வந்தால் ஜெர்சி வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாம் படி: யாரென்று தெரியாத அந்த "இட்"

இதுதான் நம்மவர்கள் அதிகம் தடுக்கிவிழும் இடம். தமிழில் மழை பெய்கிறது, மழை வருகிறது, குளிர் அடிக்கிறது. பெய்வதற்கும் வருவதற்கும் அடிப்பதற்கும் ஓர் ஆள் இருக்கிறது. அதையே மாற்றி "ரெய்ன் இஸ் கமிங்", "கோல்ட் இஸ் பீட்டிங்" என்கிறோம். முதலாவதைப் புரிந்துகொள்வார்கள், இரண்டாவதைக் கேட்டால் யாரை யார் அடித்தது என்று திகைப்பார்கள். ஆங்கிலத்தில் வானிலைக்கு ஆள் கிடையாது. காலியாக இருக்கும் அந்த நாற்காலியில் "இட்" என்ற சொல்லை உட்காரவைப்பார்கள். அதற்குப் பொருள் தேடாதீர்கள்.

மூன்று அச்சுகள் போதும். நடந்துகொண்டிருப்பதற்கு: இட் இஸ் ரெய்னிங், இட் இஸ் ஸ்னோயிங், இட் இஸ் டிரிஸ்லிங். நிலைமையைச் சொல்ல: இட் இஸ் ஹாட், இட் இஸ் கோல்ட், இட் இஸ் விண்டி. ஒன்று இருக்கிறது என்று காட்ட: தேர் இஸ் மிஸ்ட் ஆன் த ரோட். நேற்றைக்கு "இஸ்" போய் "வாஸ்" வரும், நாளைக்கு "வில் பி" வரும். இட் வாஸ் ஹாட் எஸ்டர்டே. இட் வில் பி கோல்ட் டுமாரோ. "மழை வரும்போல இருக்கு" என்று நாம் நாளுக்கு நாலு தடவை சொல்வோமே, அதற்கு "இட் லுக்ஸ் லைக் ரெய்ன்". இதை மனப்பாடமே செய்துவிடுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கே இந்த ஊரில் இரண்டு சிநேகிதிகள் கிடைத்தார்கள் எனக்கு.

பெயர்ச்சொல்லின் வாலில் ஓர் "இ" ஓசை சேர்த்தால் நிலைமையைச் சொல்லும் சொல் ஆகிவிடும். சன், சன்னி. ரெய்ன், ரெய்னி. கிளவுட், கிளவுடி. விண்ட், விண்டி. மிஸ்ட், மிஸ்டி. ஸ்டார்ம், ஸ்டார்மி. சில், சில்லி. "சில்லுன்னு இருக்கு" என்று நாம் சொல்வதும் இந்தச் சில்லியும் ஒரே ஓசையில் அமைந்திருப்பது நல்லதாய்ப் போயிற்று, மறக்காது. மிளகாய்க்கும் இதே ஓசைதான். பேசும் இடத்தை வைத்து எது என்று புரிந்துவிடும்.

இன்னொன்று. "இங்க கிளைமேட் சூப்பரா இருக்கு" என்று தமிழில் பேசிப் பேசி, ஆங்கிலத்திலும் "டுடே கிளைமேட் இஸ் நைஸ்" என்று வந்துவிடுகிறது. கிளைமேட் என்பது ஓர் ஊரின் பல ஆண்டுக் குணம். இன்றைக்கு, நாளைக்கு, இந்த வாரத்துக்கு எல்லாம் வெதர். "த வெதர் இஸ் நைஸ் டுடே."

மருத்துவரிடம் போகும்போது உதவுவதற்கு: குளிருது என்றால் "ஐ ஆம் கோல்ட்". சளி பிடித்திருக்கு என்றால் "ஐ ஹேவ் எ கோல்ட்". சின்ன வித்தியாசம்தான். ஆனால் முதலாவதைச் சொன்னால் போர்வை வரும், இரண்டாவதைச் சொன்னால் மாத்திரை வரும். காய்ச்சலுக்கு நாம் சொல்லும் "டெம்பரேச்சர் இருக்கு" மட்டும் ஆங்கிலத்திலும் அப்படியே சரி: "ஷீ ஹேஸ் எ டெம்பரேச்சர்."

நான்காம் படி: வெயில் என்ற சொல்லை உடைத்துப் பாருங்கள்

வகுப்பில் முதல் நாளே கேட்பார்கள், "அக்கா, வெயிலுக்கு இங்கிலீஷ்ல என்ன?" ஒரே சொல்லாக இல்லை. சூரியன் தனி, வெளிச்சம் தனி, சூடு தனி. நமக்கு மூன்றும் சேர்ந்ததுதான் வெயில். ஆகவே என்ன சொல்ல வருகிறீர்கள் என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெளியே பளிச்சென்று இருக்கிறது என்றால் "இட் இஸ் சன்னி". தோல் எரிகிறது என்றால் "த சன் இஸ் ஸ்ட்ராங்". வெக்கை தாங்கவில்லை என்றால் "இட் இஸ் ஸோ ஹாட்". வெயிலில் நிற்காதே என்றால் "டோன்ட் ஸ்டாண்ட் இன் த சன்". அப்பளத்தை வெயிலில் காயவை என்றால் "டிரை இட் இன் த சன்". பாருங்கள், கடைசி இரண்டிலும் ஆங்கிலக்காரர் நம்மைச் சூரியனுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்.

நிழலுக்கு இதற்கு நேர்மாறு. நமக்கு ஒரு நிழல், அவர்களுக்கு இரண்டு. ஒதுங்கி நிற்கும் நிழல் ஷேட். கூடவே வரும் உருவ நிழல் ஷேடோ. "கம் இன்டு த ஷேட்" என்று மாமரத்தடிக்குக் கூப்பிட வேண்டும்.

டர்பனின் சம்மருக்கு மிக முக்கியமான சொல் ஹியூமிட். ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 28 டிகிரிதான், சென்னைக்காரருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் இந்தியப் பெருங்கடல் பக்கத்திலேயே மூச்சுவிடுவதால் புழுக்கம் பிழிந்தெடுக்கும். அந்தப் புழுக்கத்துக்கு ஹியூமிட், மகி, ஸ்டிக்கி என்று மூன்று சொற்கள். வானொலி ஹியூமிட் என்னும். பக்கத்து வீட்டம்மா கழுத்தைத் துடைத்தபடி ஸ்டிக்கி என்பார். சன்னலெல்லாம் அடைத்த அறைக்குள் இருக்கும் புழுக்கம் ஸ்டஃபி.

சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே படிகள் உண்டு: ஹாட், வார்ம், மைல்ட், கூல், சில்லி, கோல்ட், ஃப்ரீசிங். இதமான சூட்டுக்கு வார்ம், குளிரும் இல்லாமல் சூடும் இல்லாமல் இருந்தால் மைல்ட். டர்பன் விண்டர் பகல் பெரும்பாலும் மைல்ட், ஜூலையில் 23 டிகிரி. ஜோஹன்னஸ்பர்க்கில் இரவு ஃப்ரீசிங், சுழியத்துக்குக் கீழேயும் போகும். இங்கே எல்லாமே செல்சியஸ் கணக்கு, நம் ஊர் மாதிரியே. "ட்வென்டி-எய்ட் டிகிரீஸ்" என்றால் போதும், செல்சியஸ் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஐந்தாம் படி: மழை

இதில் நாம் பணக்காரர்கள். தூறல், சாரல், அடைமழை, கோடை மழை என்று சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருக்கும். ஆங்கிலத்திலும் வறுமை இல்லை. தூறல் டிரிஸில். அந்த ஸ், தேனீ ரீங்காரமிடுவதுபோல் அதிர வேண்டும். சிறிது நேரம் பெய்து ஓய்வது ஷவர். குளியலறை ஷவரும் அதே சொல்தான். கொட்டித் தீர்க்கிறது என்றால் "இட் இஸ் போரிங்" (ஊற்றுகிறது என்ற போரிங், சலிப்புத் தரும் போரிங் அல்ல), அல்லது இந்த ஊர்க்காரர்கள் சொல்வதுபோல் "இட் இஸ் பக்கெட்டிங் டவுன்". மூட்டம் போட்டிருந்தால் ஓவர்காஸ்ட். மழை விட்டது என்றால் "த ரெய்ன் ஹேஸ் ஸ்டாப்ட்". தொப்பலாக நனைந்துவிட்டேன் என்றால் "ஐ ஆம் சோக்ட்".

பெரிய மழை என்பதை "பிக் ரெய்ன்" ஆக்காதீர்கள். மழைக்கு ஹெவி. காற்றுக்கு ஹெவி வராது, ஸ்ட்ராங். ஹெவி ரெய்ன், ஸ்ட்ராங் விண்ட். இந்த இரண்டு ஜோடிகளையும் வாய் தானாகச் சொல்லும்வரை சொல்லிப் பாருங்கள்.

எங்கே எப்போது பெய்யும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் மழை சம்மரில். கேப்டவுனில் மழை விண்டரில். ஆகவே கேப்டவுனில் இருக்கும் உறவினர் ஜூலையில் "இட்ஸ் ஸோ வெட் ஹியர்" என்றால் நம்புங்கள்.

ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் சம்மர் மத்தியானங்களில் இடிமழை, தண்டர்ஸ்டார்ம், கிட்டத்தட்ட நேரம் பார்த்து வரும். இடி தண்டர், மின்னல் லைட்னிங். "இடி விழுந்து மரம் எரிந்தது" என்பது தமிழ். ஆங்கிலத்தில் தண்டர் எதன்மேலும் விழாது, அது வெறும் ஓசை. விழுவது லைட்னிங்: "த ட்ரீ வாஸ் ஸ்ட்ரக் பை லைட்னிங்." மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் வீட்டுக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். அதே மழையில் ஆலங்கட்டியும் விழும். அது ஹெயில். கார் வைத்திருப்பவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் கூரை தேடி ஓடுவார்கள்.

வந்த புதிதில் ஒரு மார்ச் மாதம், துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வெயில் அடித்துக்கொண்டே மழை தூற ஆரம்பித்தது. வேலிக்கு அந்தப்பக்கம் எண்பது வயது ஆயா, முழங்கையை வேலியில் ஊன்றி வானத்தைப் பார்த்துச் சிரித்தார். "லுக், மை கேர்ல், மங்கீஸ் வெட்டிங்!" குரங்குக்குக் கல்யாணமா என்று கேட்டேன். வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் இந்த நாட்டில் அப்படித்தான் சொல்வார்களாம், சூலு மக்களிடமிருந்து வந்த வழக்கு. "எங்க ஊர்ல காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்னு சொல்லுவோம் ஆயா" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அவர் கையிலிருந்த ரவிக்கை அப்படியே நின்றது. "நரி," என்றார் தமிழில், மெதுவாக. "நரி கல்யாணம். மை ஆயா யூஸ்ட் டு சே." அறுபது எழுபது வருடமாக அவர் வாயில் வராத சொல். அன்றைக்குத் துணி எல்லாம் நனைந்தது. நாங்கள் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஆறாம் படி: பனி எத்தனை பனி

தமிழ்நாட்டுச் சமவெளியில் பிறந்த நமக்குப் பனி என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. இங்கே போதாது. கார் ஓட்டுகிறவர்களும், லாரியில் சரக்கு ஏற்றிப் போகிறவர்களும் இந்தப் படியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

காலையில் புல்நுனியில் துளியாக நிற்பது டியூ. கண்ணை மறைக்கும் மெல்லிய புகைமூட்டம் மிஸ்ட். அதுவே அடர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதே தெரியாவிட்டால் ஃபாக். கணக்கு அப்படி, ஆனால் இங்குள்ளவர்கள் பேச்சில் இரண்டையுமே மிஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி என்-3 சாலை டவுன் ஹில்லில் ஏறும் இடம் மிஸ்டுக்குப் பேர்போனது. சாலைப் பலகையில் மிஸ்ட் என்று கண்டால் வேகத்தைக் குறைத்து, முன்விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள்.

ராத்திரிக் குளிரில் புல்லின்மேலும் கார்க் கண்ணாடிமேலும் வெள்ளையாக உறைந்து படிவது ஃப்ராஸ்ட். வானத்திலிருந்து பஞ்சுபோல இறங்குவது ஸ்னோ. தண்ணீர் கெட்டியாக உறைந்தது ஐஸ். டிராகன்ஸ்பர்க் மலையிலும் லெசோத்தோவிலும் விண்டரில் ஸ்னோ விழுவது வழக்கம். ஜோஹன்னஸ்பர்க்கில் அபூர்வம். 2012 ஆகஸ்டிலும் 2023 ஜூலையிலும் விழுந்தபோது அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டு வெளியே ஓடி வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

இன்னொரு வெள்ளையும் உண்டு, அது பனியே அல்ல. விண்டரில் உள்நாடு காய்ந்து கிடக்கும். புல்வெளித் தீயின் புகை சாலையை மறைக்கும். புகை ஸ்மோக், புழுதியும் புகையும் கலந்த மங்கல் ஹேஸ், அந்தத் தீ வெல்ட் ஃபயர். வெல்ட் என்றால் திறந்த புல்வெளி.

ஏழாம் படி: காற்று எந்தப் பக்கத்திலிருந்து

வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. காற்று புறப்பட்ட திசையை வைத்துப் பெயர் சூட்டியவர்கள் நாம். ஆங்கிலமும் அப்படியேதான். நார்த்-ஈஸ்டர்லி என்றால் வடகிழக்கிலிருந்து வருகிற காற்று, வடகிழக்குக்குப் போகிற காற்று அல்ல. இந்த ஒன்றை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

கற்க வேண்டியது வேறு. தென்றல் என்றாலே நமக்கு இனிமை. இங்கே தெற்குப் பக்கம் இருப்பது அண்டார்டிகா. டர்பனில் நார்த்-ஈஸ்டர்லி வீசினால் வெயில் நாள். சவுத்-வெஸ்டர்லி திரும்பினால் குளிரும் மழையும் பின்னாலேயே வருகின்றன என்று பொருள். குளிர்ந்த காற்றுத்திரளின் அந்த முன்விளிம்புக்குக் கோல்ட் ஃப்ரண்ட் என்று பெயர்.

கோல்ட் ஃப்ரண்ட் வருவதற்கு முன்னால் ஒரு விசித்திரம் நடக்கும். நடு விண்டரில் ஒரு நாள் காலையிலேயே சூடான வறண்ட காற்று உள்நாட்டு மேட்டிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். மேட்டிலிருந்து இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடேறுவதுதான் காரணம். இதற்கு பெர்க் விண்ட் என்று பெயர், பெர்க் என்றால் ஆஃப்ரிகான்ஸில் மலை. குளிர் போய்விட்டது என்று நினைத்து ஜெர்சியை மடித்து வைத்துவிடாதீர்கள். சாயங்காலமே காற்று திரும்பி, பத்துப் பதினைந்து டிகிரி சடாரென்று இறங்கிவிடும்.

காற்றின் வலிமையைக் குறைந்ததிலிருந்து கூடியதுவரை சொல்ல லைட், மாடரேட், ஃப்ரெஷ், ஸ்ட்ராங், கேல். இதில் ஃப்ரெஷ் ஏமாற்றும். புத்துணர்ச்சியான இளங்காற்று என்று நினைத்து மீன்பிடிக்கப் படகேறக் கூடாது. மாடரேட்டுக்கு மேல், ஸ்ட்ராங்குக்குக் கீழ் என்று பொருள். இதமான மெல்லிய காற்று பிரீஸ். குபுக்கென்று ஒரு நொடி அடித்து ஓய்வது கஸ்ட். சுழன்றடிக்கும் டொர்னேடோவும் இந்தக் கரையில் வந்திருக்கிறது. 2024 ஜூன் 3 அன்று, நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் டொங்காட்டில், கூரைகளைப் பிய்த்தெறிந்தது.

எட்டாம் படி: வானிலை அறிக்கையையும் எச்சரிக்கையையும் படிப்பது

தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் அறிக்கையில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஐசோலேட்டட், ஸ்காட்டர்ட், வைட்ஸ்பிரெட். நம் ஊர் வானொலியில் "ஓரிரு இடங்களில்", "சில இடங்களில்", "பரவலாக" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஐசோலேட்டட் என்றால் 30 சதவீதம், ஸ்காட்டர்ட் 60, வைட்ஸ்பிரெட் 80. துணி உலர்த்துவதா வேண்டாமா என்பதை நான் ஸ்காட்டர்ட்டில் முடிவு செய்துவிடுவேன்: வீட்டுக்குள்ளேதான்.

"பார்ட்லி கிளவுடி" பாதி மேகம். "ஃபைன்" என்றால் மழையில்லாத தெளிந்த நாள். அபராதத்துக்கும் அதே சொல் என்பதால் பயப்பட வேண்டாம். "ஹீட்வேவ்" என்பது வெறும் சூடான நாள் அல்ல. அந்த ஊரின் மிகச் சூடான மாதத்துச் சராசரி உச்சத்தைவிட 5 டிகிரி அல்லது அதற்கும் கூடுதலாக, குறைந்தது தொடர்ந்து 3 நாள் இருந்தால்தான் அப்படிச் சொல்வார்கள்.

எச்சரிக்கைக்கு மூன்று நிறம்: யெல்லோ, ஆரஞ்ச், ரெட். கூடவே 10 வரைக்கும் ஓர் எண் வரும். யெல்லோ லெவல் டூ என்றால் கவனமாயிரு. ஆரஞ்ச் லெவல் சிக்ஸ் என்றால் வெளியே போகும் திட்டத்தை மாற்று. ரெட் என்றால் உயிரைக் காப்பாற்றிக்கொள். அந்த எண் எவ்வளவு மழை பெய்யும் என்பதன் அளவு அல்ல. அதனால் என்ன பாதிப்பு நேரும், நேர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்த கணக்கு.

நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்தான் அந்தத் தம்பியைத் தடுக்கிய சொல். டிஸ்ரப்டிவ் ரெய்ன் என்றால் அன்றாட வாழ்வைக் குலைக்கும் மழை: சாலை மூடும், வீட்டுக்குள் தண்ணீர் வரும், கரை சரியும். டேமேஜிங் விண்ட்ஸ் சேதம் விளைவிக்கும் காற்று. சிவியர் தண்டர்ஸ்டார்ம் கடுமையான இடிமழை. கட்-ஆஃப் லோ என்று கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மேலடுக்குக் காற்றோட்டத்திலிருந்து அறுந்து தனித்து நிற்கும் காற்றழுத்தத் தாழ்வு அது. இடத்தைவிட்டு நகராமல் மழையை ஒரே இடத்தில் கொட்டும். 2022 ஏப்ரலில் நடந்தது அதுதான்.

பிறகு வரும் கட்டளைகள்: எவாக்குவேட், அதாவது வீட்டை விட்டு வெளியேறு. மூவ் டு ஹையர் கிரவுண்ட், மேட்டுக்குப் போ. அவாய்ட் லோ-லையிங் பிரிட்ஜஸ், தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டிய தாழ்வான பாலங்களைத் தவிர். பாலத்தின்மேல் கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நடந்தோ வண்டியிலோ இறங்காதீர்கள், கீழே பாலம் இருக்கிறதா என்பதே தெரியாது. மட்ஸ்லைட் மண்சரிவு. கைபேசியிலிருந்து அவசரத்துக்கு 112. அழைத்ததும் சொல்ல வேண்டியது: "த வாட்டர் இஸ் ரைசிங். வி ஆர் டிராப்ட்." தண்ணீர் ஏறுகிறது, சிக்கிக்கொண்டோம்.

இந்த ஊர்த் தமிழர்களுக்கு ஃப்ளட் என்பது பழைய சொல். 1917 அக்டோபரில் டர்பன் வழியே ஓடும் உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் தோட்டம் போட்டிருந்த இந்தியக் குடும்பங்களை அடித்துப் போனபோது, மாரிமுத்து படவட்டனும் கூட ஐந்து மீனவர்களும் தங்கள் வலைப்படகை ஆற்றில் இறக்கி 176 பேரைக் கரைசேர்த்தார்கள். படவட்டன் ஆறு பேர் என்று இன்றும் சொல்கிறார்கள். 1976இல் அதே தாழ்நிலத்தில் மறுபடியும் வெள்ளம், அங்கிருந்தவர்கள் டர்பனுக்கு வடக்கே உள்ள ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது "டஸ் திஸ் பிளேஸ் ஃப்ளட்?" என்று கேளுங்கள். இங்கே வெள்ளம் வருமா என்பது அதன் பொருள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல், அதே தெருவில் நாற்பது வருடமாக இருக்கும் பாட்டியிடமும் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: ஏழு நாள் பயிற்சி

சொற்களைத் தாளில் எழுதிப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. காலையில் சன்னலைத் திறந்ததும் வெளியே பார்த்து ஒரே ஒரு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் "இட் இஸ்" மட்டும். மூன்றாம் நாள் நேற்றையும் சேருங்கள்: "இட் வாஸ் கிளவுடி எஸ்டர்டே, பட் இட் இஸ் சன்னி டுடே." நான்காம் நாள் கைபேசியில் வானிலை பார்த்து, நாளைக்கு என்ன என்று சொல்லுங்கள். ஐந்தாம் நாள் வானொலியில் வானிலை அறிக்கையைக் கேட்டு, பிடிபட்ட சொற்களை விரல்விட்டு எண்ணுங்கள். மூன்று பிடிபட்டால் நல்ல தொடக்கம். ஆறாம் நாள் வானிலைச் சேவையின் பழைய எச்சரிக்கை ஒன்றை எடுத்து நிறம், எண், ஆபத்து, இடம், நேரம் என்று ஐந்தையும் கண்டுபிடியுங்கள். வீட்டில் இருவர் இருந்தால் ஒருவர் படிக்க மற்றவர் தமிழில் சொல்லட்டும்.

ஏழாம் நாள் வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர் குப்பைப் பையை வெளியே வைக்க வரும்வரை காத்திருங்கள். அவர் தொடங்குவதற்கு முன் நீங்கள் தொடங்குங்கள். மூட்டமாக இருந்தால் "இட் லுக்ஸ் லைக் ரெய்ன், நே?" வெயிலாக இருந்தால் "லவ்லி டே டுடே." அவர் பதிலுக்கு நீளமாகப் பேசினால், புரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பிக் கேளுங்கள். "விண்டி?" என்று நீங்கள் கேட்டால் போதும், அந்தக் காற்றைப் பற்றி அவர் இன்னும் ஐந்து நிமிடம் மெதுவாகச் சொல்லிக்கொடுப்பார்.